தாசில்தார் வராத மறியல்

2022 அக்டோபர் 17, திங்கட்கிழமை. விடியக்காலை அஞ்சேகால் இருக்கும். லண்டனுக்குக் கிழக்க இருக்கிற கிரேஸ்ல இருந்து கிளம்பி, லேக்சைடு பக்கம், லண்டனைச் சுத்திப் போற எம்25 ஹைவேல ஏறுற வளைவுல கார் நின்னது நின்னதுதான். முன்னாடி பார்த்தா செவப்பு லைட்டு, கண்ணாடியில பின்னாடி பார்த்தா வெள்ளை லைட்டு, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் அவ்வளவுதான். தேம்ஸுக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் டார்ட்ஃபர்ட்ல வேலை பாக்குற வேர்ஹவுஸ், நடுவுல அந்த பாலம். தெக்கால போறவங்களுக்குப் பாலம், வடக்கால வர்றவங்களுக்கு ஆத்துக்கு அடியில டனல், இதான் அங்க ஏற்பாடு. 6 மணி ஷிப்ட்டு. ஏஜென்சி வழியா வேலை, மணிக்கணக்குல சம்பளம், லேட்டா போனா அந்த மணிக்கு காசு கிடையாது.

பக்கத்து சீட்ல எங்க யாழ்ப்பாணத்து அண்ணன். ஒரே ஷிப்ட்டு, ஒரே தெரு, அதனால பெட்ரோல் காசை ஆளுக்குப் பாதின்னு ரெண்டு வருஷமா ஒண்ணாத்தான் போயிட்டு இருந்தோம்.

"என்ன தம்பி, ஆக்சிடென்ட்டோ?"

"தெரியலண்ணே, ரேடியோவைப் போடுறேன்."

ரேடியோவுல சொன்னாங்க. ரெண்டு பேரு பாலத்தோட கேபிள்ல கயிறு கட்டி ஏறிட்டாங்களாம், மேல தூளி மாதிரி ஒண்ணைக் கட்டி அதுல உக்காந்துட்டாங்களாம், பேனர் தொங்குதாம், ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்னு, எண்ணெய் எடுக்குறதை நிறுத்தச் சொல்லிப் போராடின இயக்கம். பாலத்தை மூடியாச்சு. என் வாயில என்ன வந்துச்சுன்னு இங்க எழுத முடியாது. கொஞ்சம் நாகரிகமா சொல்லணும்னா, இவனுங்களுக்கு வேலைவெட்டி இல்லையா, அப்பன் காசுல படிச்சிட்டு வந்து எங்க வயித்துல அடிக்கிறானுங்கன்னு ஆரம்பிச்சு ஒரு பத்து நிமிஷம் பேசியிருப்பேன். அண்ணன் ஒண்ணும் சொல்லலை, பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊத்தினாரு, எனக்கும் ஒரு மூடி குடுத்தாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு:

"2009 ஏப்ரல்ல நாங்கள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறிச்சனாங்கள் தம்பி. எங்களாலே வேலைக்குப் போக ஏலாம நிண்ட கார்க்காரன், உம்மை மாதிரித்தான் எங்களைப் பேசியிருப்பான்."

எனக்கு சுரீர்னு இருந்துச்சு. அந்த வருஷம் ஏப்ரல் 6ஆம் தேதி பார்லிமென்ட்டுக்கு எதிர்ல தமிழர்கள் உக்காந்தது எனக்கும் தெரியும், அப்போ நான் ஊர்ல இருந்தேன், டிவில பார்த்தேன். வன்னியில குண்டு விழுந்துட்டு இருந்த நேரம். பாலத்துல இருந்து போலீஸ் தள்ளிவிட்டுச்சு, ஆனா சதுக்கத்துல ஜூன் 17 வரைக்கும், மொத்தம் 73 நாள் இருந்தாங்க. போர் நிக்கலை. மே மாசமே எல்லாம் முடிஞ்சு போச்சு. அண்ணன் சின்ன மகளைத் தோள்ல தூக்கிட்டுப் போனாராம், அவளுக்கு அப்போ 4 வயசு.

"பலன் ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சும் ஏண்ணே போனீங்க?"

"பலன் இல்லையெண்டு அப்ப ஆருக்குத் தெரியும்? வீட்டில இருக்க ஏலாமப் போச்சு, அவ்வளவுதான்."

அதுக்கு மேல அவர் பேசலை. வரிசை ஒரு கார் தூரம் நகர்ந்துச்சு, நான் ஹேண்ட்பிரேக்கை எடுத்துட்டு மறுபடியும் போட்டேன். அன்னைக்கு ஆரம்பிச்ச கேள்விதான், இந்த மாதிரி ரோட்டை மறிக்கிறதும் ஓவியத்து மேல சூப் ஊத்துறதும் அவங்க காரியத்துக்கு உதவுதா, இல்லை இருக்கிற பேரையும் கெடுக்குதா. மூணு நாலு வருஷமா மண்டையில ஓடிட்டு இருக்கு, அதை இப்போ எழுதிப் பாக்குறேன், அங்கங்க தாவும், பொறுத்துக்கங்க.

மறியல் எனக்குப் புதுசு இல்லை. நான் திண்டிவனம் பக்கம். மே மாசம் ஆச்சுன்னா தெருக்குழாய்ல காத்துதான் வரும். 15 நாள் பார்ப்பாங்க, அப்புறம் ஒருநாள் காலையில எங்க அம்மா, பக்கத்து வீட்டு அத்தைங்க, எல்லாரும் காலிக்குடத்தைத் தூக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போயி வரிசையா வெச்சிட்டு உக்காந்துடுவாங்க. பிளாஸ்டிக் குடம், பச்சை, ஆரஞ்சு, நீலம், அதுக்கு நடுவுல ஒரு பித்தளைக் குடம் மட்டும் வெயில்ல மின்னும். பஸ் ரெண்டு பக்கமும் நிக்கும். ஒரு தடவை நின்ன பஸ்ல எங்க சொந்த சித்தியே இருந்தாங்க, விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, ஜன்னல் வழியா அம்மாவைப் பார்த்து "ஏண்டி உனக்கு வேற நாளே கெடைக்கலையா"ன்னு கத்தினாங்க, அம்மா அசையலை. ஒரு மணி நேரத்துல ஜீப் வந்துச்சு. தாசில்தார் இறங்கினாரு. பேச்சு. சாயங்காலத்துக்குள்ள லாரித் தண்ணி. மறுநாள் பேப்பர்ல எப்பவும் போடுற அதே வரி: அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தியதை அடுத்து மறியலைக் கைவிட்டு கலைந்து சென்றனர். அந்த ஒரு வரிக்குள்ள எங்க ஊரு ஜனநாயகம் மொத்தமும் இருக்குன்னு எனக்கு ஒரு எண்ணம்.

இப்போ அந்த வரியை வெச்சிக்கிட்டு டார்ட்ஃபர்ட் பாலத்தைப் பாருங்க. போலீஸ் வந்துச்சு, டிவிக்காரங்க வந்தாங்க, பெரிய கிரேன் வண்டி வந்துச்சு. தாசில்தார் வரலை. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, கடல்ல புதுசா எண்ணெய், கேஸ் எடுக்க லைசென்ஸ் குடுக்காதீங்கன்னு. அதைக் குடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் உள்ள ஒருத்தர்கூட அந்த ரெண்டு நாள்ல அந்த பக்கம் எட்டிப் பார்க்கலை. மாட்டினது நானும், பின்னாடி வெள்ளை வேன்ல நின்ன பிளம்பரும், லாரிக்காரங்களும். எங்ககிட்ட லைசென்ஸும் இல்லை ஒரு மண்ணும் இல்லை.

சரி, அவங்க ஏன் ஏறினாங்கன்னு அப்புறம் படிச்சேன். பாலம் ஏறுறதுக்கு சரியா பத்து நாள் முன்னாடி, அக்டோபர் 7ஆம் தேதி, லிஸ் டிரஸ் கவர்மென்ட் வடகடல்ல புது லைசென்ஸ் ரவுண்டைத் திறந்துச்சு. கடலைக் கட்டம் கட்டமா பிரிச்சு கிட்டத்தட்ட 900 பிளாக், 100க்கு மேல லைசென்ஸ் குடுப்போம்னு பெருமையா சொன்னாங்க. இதை நான் செய்தியில பார்த்திருக்கேன், பார்த்துட்டு சேனலை மாத்தியிருக்கேன். ஆனா அதே வருஷம் ஜூலை 19ஆம் தேதி எனக்கு மறக்காது. லிங்கன்ஷயர்ல கோனிங்ஸ்பின்னு ஒரு ஊரு, அங்க 40.3 டிகிரி. இந்த நாட்டுல 40ஐத் தாண்டினது அதான் முதல் தடவை. நமக்கு என்ன, திண்டிவனத்துல இருந்து வந்தவனுக்கு 40 ஒரு பெரிய விஷயமான்னு ஆபீஸ் குரூப்ல ஜோக் போட்டேன். மத்தியானம் ஏ13 ரோடு பக்கம் பார்த்தா கரும்புகை. வென்னிங்டன், எங்க வீட்ல இருந்து காரை எடுத்தா கொஞ்ச தூரம்தான், காஞ்ச புல்லுல பிடிச்ச தீ வீடுகளுக்குள்ள ஏறிடுச்சு. கிட்டத்தட்ட 20 வீடு போச்சு. லண்டன் தீயணைப்புக்காரங்க ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் இவ்வளவு வேலை வந்த நாள் இதான்னு சொன்னாங்க. பால்கனியில காயப்போட்ட துணியில எல்லாம் சாம்பல் வாசனை, என் வீட்டுக்காரி எல்லாத்தையும் மறுபடி துவைச்சா.

அந்த வென்னிங்டன்ல இருந்து பாலம் சில மைல்தான். ஜூலையில அந்தத் தீயைப் பார்த்தப்போ நான் யாரையும் திட்டலை. யாரைத் திட்டுறது? அக்டோபர்ல திட்ட ரெண்டு பேரு கிடைச்சாங்க, கண்ணுக்கு எதிர்ல, தூளி கட்டி. இதை எழுதும்போது கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு வந்த கோவம் பொய்யும் இல்லை.

பாலத்துக்கு மூணு நாள் முன்னாடிதான் சூப். அக்டோபர் 14, லண்டன் நேஷனல் கேலரியில வான்கோவோட சூரியகாந்தி, ரெண்டு பொண்ணுங்க ரெண்டு டப்பா தக்காளி சூப்பை ஊத்திட்டு கையைச் சுவத்துல பசை போட்டு ஒட்டிக்கிட்டு, எது பெருசு, கலையா உயிரான்னு கேட்டாங்க. படத்துக்கு முன்னாடி கண்ணாடி இருந்துச்சு, படத்துக்கு ஒண்ணும் ஆகலை, ஃப்ரேமுக்குத்தான் சேதம், 10,000 பவுன் வரைக்கும்னு கோர்ட்டுல சொன்னாங்க. உலகம் பூரா அந்த வீடியோ ஓடுச்சு. எங்க ஊர்ல இருந்து மச்சான் போன் பண்ணி "என்ன மாமா உங்க ஊர்ல சூப்பை எல்லாம் வீணாக்குறானுங்க"ன்னு சிரிச்சான். வடகடல் லைசென்ஸைப் பத்தி அவனுக்கு ஒரு எழுத்து தெரியாது, இன்னைக்கு வரைக்கும் தெரியாது, ஆனா சூப் தெரியும். எனக்கு இந்த சூப் விஷயத்துல இருக்கிற பெரிய குறையே இதுதான். குடத்தைப் பார்த்தா தண்ணி இல்லைன்னு குழந்தைக்கும் புரியும். சூப்பைப் பார்த்தா என்ன புரியும்? யாராவது விளக்கணும். விளக்குறதுக்குள்ள சேனல் மாறிடும்.

அதுக்கு அவங்க தரப்பு ஆளுங்க உடனே சரித்திரத்தைக் கொண்டு வருவாங்க. அதே நேஷனல் கேலரியில 1914 மார்ச்ல மேரி ரிச்சர்ட்சன்னு ஓட்டுரிமை கேட்ட பொம்பளை, வெலாஸ்கேஸ் வரைஞ்ச வீனஸ் படத்தை வெட்டுக்கத்தியால கிழிச்சாங்க. இன்னைக்கு அந்த இயக்கத்துக்கு பார்லிமென்ட் பக்கத்துலயே சிலை. 2023 நவம்பர்ல ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்காரங்க அதே வீனஸ் படத்தோட கண்ணாடியைச் சுத்தியலால உடைச்சது சும்மா இல்லை, அந்தக் கணக்கை ஞாபகப்படுத்தத்தான். அமெரிக்காவுல 1961ல கறுப்பு வெள்ளை பேதம் பாக்காம ஒண்ணா பஸ்ல போன ஃப்ரீடம் ரைடர்ஸைப் பத்தி கேலப் சர்வே எடுத்தப்போ, 61 சதவீதம் பேரு பிடிக்கலைன்னாங்க, பிடிக்குதுன்னவங்க 22 சதவீதம்தான். இன்னைக்கு அவங்களைத் திட்டுற ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம். அதனால "ஜனங்களுக்குப் பிடிக்கலை, ஆகவே தோத்துட்டீங்க"ன்னு சொல்றது சரியில்லை, இதை நான் ஒத்துக்கிறேன். ஆனா பிடிக்காம போன எல்லாமும் பின்னாடி ஜெயிச்சிடுமா என்ன? ஜெயிச்சதைத்தான் சரித்திரத்துல எழுதி வெச்சிருக்காங்க, தோத்துப்போன மறியலுக்கு யாரு சிலை வைக்கிறா. அண்ணனோட 73 நாளுக்கு எங்க இருக்கு சிலை?

நம்பர் ஒண்ணு சொல்றேன், இது என் வாயை அடைச்ச நம்பர். 2022 நவம்பர்ல ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்காரங்க எம்25ல நாலு நாள் போர்டு மாட்டுற கம்பி வளைவுகள் மேல ஏறி உக்காந்தாங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவைன்னு சோஷியல் சேஞ்ச் லேப்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு சர்வே எடுத்துச்சு, அப்புறம் 2024ல நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி பத்திரிகையில கட்டுரையா வந்துச்சு. கேட்டது ஜஸ்ட் ஸ்டாப் ஆயிலைப் பத்தி மட்டும் இல்லை, ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த்னு ரொம்ப வருஷமா மனு, கேஸ், பிரச்சாரம்னு அமைதியா வேலை பாக்குற அமைப்பைப் பத்தியும் கேட்டாங்க. அவங்களுக்கு ஆதரவு 50.3ல இருந்து 52.9 சதவீதமா ஏறியிருக்கு. சின்ன ஏத்தம்தான். ஆனா இறங்கலை. கத்துறவன் ஒருத்தன் வாசல்ல நின்னா, பேசுறவனை உள்ள கூப்பிட்டு காபி குடுப்பாங்கன்னு எங்க தாத்தா பஞ்சாயத்துக் கதை சொல்லும்போது சொல்லுவாரு, அதேதான். கத்துறவனுக்கு காபி கிடையாது, அவன் வெளியிலேயே நிக்க வேண்டியதுதான்.

ஆனா கத்துற இடம்னு ஒண்ணு இருக்கு இல்லையா. 2019ல எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன்னு காலநிலைக்காகப் போராடுற இன்னொரு இயக்கம், சரியான இடம், தப்பான இடம் ரெண்டுலயும் கத்திக் காட்டுச்சு. ஏப்ரல்ல ஆக்ஸ்ஃபர்ட் சர்க்கஸ் நடுவுல ரோஸ் கலர் படகை நிறுத்தி, வாட்டர்லூ பாலத்துல செடித்தொட்டி எல்லாம் வெச்சு, 1,000 பேருக்கு மேல கைதானாங்க. மே 1ஆம் தேதி பார்லிமென்ட் காலநிலை அவசரநிலைன்னு அறிவிச்சுச்சு, ஜூன்ல 2050 நெட் ஜீரோ, அதாவது அந்த வருஷத்துக்குள்ள நாடு விடுற புகையும் திரும்ப உறிஞ்சுறதும் சரிக்குச் சரி ஆகணும்ங்கிறது, சட்டமாவே ஆச்சு. இவங்களாலதான் ஆச்சுன்னு சொல்ல மாட்டேன், பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஸ்ட்ரைக், நிபுணர் குழு அறிக்கைன்னு பல கை சேர்ந்தது அது. ஆனா அந்தச் சூழ்நிலையில இவங்களுக்கும் பங்கு இருக்கு. அதே வருஷம் அக்டோபர் 17, ஆமா, பாலத்துக்கு சரியா மூணு வருஷம் முன்னாடி அதே தேதி, காலையில கேனிங் டவுன் ஸ்டேஷன்ல ரெண்டு பேரு டியூப்னு சொல்ற லண்டன் மெட்ரோ ரயில் கூரை மேல ஏறினாங்க. கேனிங் டவுன் எது தெரியுமா, நம்ம ஈஸ்ட்ஹாம்ல இருந்து கூப்பிடு தூரம், கிளீனிங் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போறவங்க நிக்கிற பிளாட்ஃபார்ம் அது. ரயில் ஓடுறது கரண்ட்ல. கார் வேணாம் ரயில்ல போங்கன்னு சொல்ல வேண்டியவங்க ரயிலை நிறுத்துறாங்க. ஜனங்க கீழ இருந்து டீ கப்பை எறிஞ்சாங்க, காலைப் பிடிச்சு இழுத்து கீழ தள்ளினாங்க, அந்த வீடியோவை இன்னைக்குப் பார்த்தாலும் எனக்கு வயித்தைக் கலக்கும். அந்த இயக்கத்துலயே பெரும்பாலான ஆளுங்க முன்னாடியே வேணாம்னு சொல்லியிருக்காங்க, யாரும் கேக்கலை. 2023 புத்தாண்டை ஒட்டி, பொதுஜனத்தை மறிக்கிற வேலையை இப்போதைக்கு விட்டுட்டோம்னு அவங்களே அறிவிச்சாங்க.

தாசில்தார் வந்த மறியலும் இருக்கு. அது இங்க இல்லை, நெதர்லாந்துல. ஹேக் நகரத்துல ஏ12னு ஹைவே ஊருக்குள்ள வந்து முடியுற இடம், ஒரு பக்கம் பொருளாதார அமைச்சகம், இன்னொரு பக்கம் பார்லிமென்ட் தற்காலிகமா நடக்குற கட்டடம். 2023 செப்டம்பர் 9ல இருந்து தினம் மத்தியானம் போயி அந்த ரோட்டுல உக்காருவாங்க, போலீஸ் தண்ணியைப் பீச்சும், தூக்கிட்டுப் போவும், மறுநாள் மறுபடி வருவாங்க. முதல் நாள் மட்டும் 2,400 பேரு கைது. கோரிக்கை ஒண்ணுதான், எண்ணெய் நிலக்கரிக்கு குடுக்கிற மானியத்தை நிறுத்துங்க. அக்டோபர் 10ஆம் தேதி பார்லிமென்ட் ஓட்டு போட்டு, மானியத்தை எப்படிப் படிப்படியா நிறுத்தலாம்னு வழிகளைத் தயார் பண்ணிக் குடுன்னு கவர்மென்ட்டுக்குச் சொல்லுச்சு. அன்னைக்கே மறியலை நிறுத்தினாங்க. கலைந்து சென்றனர்! எனக்கு அந்தச் செய்தியைப் படிச்சப்போ நம்ம பேப்பர் வரிதான் ஞாபகம் வந்துச்சு. மானியம் உடனே போயிடலை, அடுத்த மாசமே தேர்தல் வந்து வலதுசாரிக் கட்சி முதலிடத்துக்கு வந்துச்சு, அது வேற கதை. லாரித் தண்ணி வந்துச்சு, பைப் லைன் வரலைன்னு வெச்சிக்கங்க. ஆனா யாரோட ரோடு, யாரு வாசல், யாரு இறங்கி வந்து பேசணும், எதைக் குடுத்தா நாங்க எழுந்திருப்போம், இது அத்தனையும் அங்க தெளிவா இருந்துச்சு. அம்மாவுக்கும் தெளிவா இருந்துச்சு. எம்25ல இல்லை.

எம்25 வழக்குல நடந்ததும் சாதாரணம் இல்லை. அந்த நாலு நாள்ல 45 பேரு ஏறினாங்க, 7 லட்சம் வண்டிக்காரங்க பாதிக்கப்பட்டாங்க, பொருளாதார நஷ்டம் குறைஞ்சது 7,65,000 பவுன்னு அரசு தரப்பு சொல்லுச்சு. புற்றுநோய்க்காரர் ஒருத்தர் அப்பாயின்ட்மென்ட்டை விட்டு, அடுத்ததுக்கு ரெண்டு மாசம் காத்திருந்தாரு. அதைப் படிச்சப்போ எனக்கு பஸ் ஜன்னல்ல கத்தின சித்தி முகம்தான் வந்துச்சு. ரோஜர் ஹாலம், ஜஸ்ட் ஸ்டாப் ஆயிலைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர், முன்னாடி வேல்ஸ்ல இயற்கை விவசாயம் பண்ணவரு, மழையும் வெயிலும் மாறிப்போயி பயிர் அழிஞ்சதுல இருந்துதான் இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லுவாரு. அவரு கம்பி மேல ஏறலை, ஜூம் மீட்டிங்ல பேசினாரு, அதுக்கு 2024 ஜூலையில அஞ்சு வருஷம். கூட நாலு பேருக்கு நாலு நாலு வருஷம். அப்பீல்ல கொஞ்சம் குறைச்சாங்க, அவருக்கு நாலு வருஷம்னு. எங்க பாலத்துல ஏறின மோர்கன் டிராலண்டுக்கு மூணு வருஷம், மார்கஸ் டெக்கருக்கு ரெண்டு வருஷம் ஏழு மாசம். அஞ்சு வருஷம்! நம்ம ஊர்ல மறியல் பண்ணா கல்யாண மண்டபத்துல உக்கார வெச்சு தக்காளி சாதம் குடுத்து சாயங்காலம் விட்டுருவாங்கய்யா. நம்ம ஊர்ல மோசமா நடந்ததும் உண்டு, இல்லைன்னு சொல்லலை, ஆனா அது பொதுவா நடைமுறை.

உண்மையா சேதம்னு ஒண்ணு நடந்திருந்தா அது இங்கதான் நடந்துச்சுன்னு நினைக்கிறேன். ஜனங்க கோவப்பட்டாங்க, அது ஆறிப்போச்சு, எனக்கே ஆறிப்போச்சு. ஆனா அந்தக் கோவம் சூடா இருக்கும்போதே 2022ல ஒரு சட்டம், 2023ல இன்னொரு சட்டம். பொதுத்தொல்லைன்னு கேஸ் போட்டா பத்து வருஷம் வரைக்கும் குடுக்கலாம். கையை எதிலயாவது பூட்டிக்கிட்டா குற்றம், ரோடு ரயில்னு முக்கியமான வேலையைத் தடுத்தா குற்றம். அந்தச் சட்டம் எண்ணெய்க்கு எதிரா போராடுறவங்களுக்கு மட்டும்னு எழுதலை. அண்ணன் இதைக் கேட்டுட்டு, "அப்ப இனி எங்கடை சனம் பாலத்தில நிண்டா?"ன்னு மட்டும் கேட்டாரு. நான் பதில் சொல்லலை, அவருக்கே தெரியும்.

இன்னொரு ரெண்டு நாளைச் சொல்லணும். 2024 ஜூன் 19, ஸ்டோன்ஹெஞ்ச் கல்லுங்க மேல ஆரஞ்சு கலர் பொடியைப் பீச்சினாங்க, சோளமாவுல செஞ்சது, கழுவினா போயிடும், போயிடுச்சு. நாடே கொதிச்சுது, தேர்தல் நேரம் வேற, ரெண்டு கட்சித் தலைவரும் போட்டி போட்டுத் திட்டினாங்க. மறுநாள் ஜூன் 20, சுப்ரீம் கோர்ட்டுல ஒரு தீர்ப்பு. சாரா ஃபிஞ்சுனு ஒரு அம்மா, சர்ரே மாவட்டத்துல எண்ணெய்க் கிணறுக்கு கவுன்சில் குடுத்த அனுமதியை எதிர்த்து வருஷக்கணக்கா கேஸ் நடத்தினாங்க, கீழ்க்கோர்ட்டுல எல்லாம் தோத்துட்டு. கிணறு தோண்டும்போது வர்ற புகையை மட்டும் கணக்குப் பண்ணா பத்தாது, அந்த எண்ணெயை எரிச்சா வர்ற புகையையும் கணக்குல சேக்கணும்னு மூணுக்கு ரெண்டுன்னு ஜெயிச்சாங்க. அதை வெச்சுத்தான் 2025 ஜனவரியில ஸ்காட்லாந்து கோர்ட்டுல ரோஸ்பேங்க், ஜாக்டான்னு ரெண்டு பெரிய வடகடல் திட்டத்தோட அனுமதி சட்டப்படி செல்லாதுன்னு ஆச்சு. இவ்வளவு பெரிய விஷயம். அன்னைக்கு எங்க கேன்டீன்ல ஒருத்தராவது சாரா ஃபிஞ்ச் பேரைச் சொன்னாங்களான்னு கேளுங்க. எல்லாரும் கல்லைப் பத்தியும் மாவைப் பத்தியும்தான் பேசினாங்க, நானும்தான்.

அப்போ சத்தம் போட்டதால ஒண்ணும் ஆகலை, கேஸ் போட்டதாலதான் ஆச்சுன்னு முடிக்கலாமா? முடியலை. ஏன்னா 2024 தேர்தல் அறிக்கையில லேபர் கட்சி புது எண்ணெய் லைசென்ஸ் கிடையாதுன்னு எழுதிச்சு, ஜெயிச்சுச்சு, ஆட்சிக்கும் வந்துச்சு. தூளி கட்டினவங்க கேட்டது அதே வாசகம். சூப்புக்குப் பயந்து எழுதினாங்கன்னு நான் நம்பலை. ஆனா 2022க்கு முன்னாடி லைசென்ஸ்ங்கிற வார்த்தையே எங்க கேன்டீன்ல கிடையாது, அதுவும் உண்மை. கோரிக்கை உள்ள போச்சு, கோரிக்கையைக் கத்தினவங்க உள்ள போனாங்க, வேற வேற உள்ளே. 2025 மார்ச்ல எங்க கோரிக்கை இப்போ அரசாங்கக் கொள்கை, ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டி வைக்கிறோம்னு அறிவிச்சிட்டு, ஏப்ரல் 26ஆம் தேதி லண்டன்ல கடைசியா ஊர்வலம் போனாங்க. பேச்சுவார்த்தைன்னு ஒண்ணு நடக்கவே இல்லை, ஆனாலும் கலைந்து சென்றனர்.

பாலத்துக்கு வர்றேன். அன்னைக்கு டனல் ஒண்ணை எங்க பக்கத்துக்குத் திருப்பி விட்டாங்க, ஊர்ந்து ஊர்ந்து வேர்ஹவுஸ் போய்ச் சேந்தப்போ 9.40. சூப்பர்வைசர் ஒண்ணும் கேக்கலை, ஷீட்டுல நேரத்தை மட்டும் எழுதினாரு, அந்த வாரம் சம்பளத்துல அது குறைஞ்சிருந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் மறுநாள் சாயங்காலம் இறங்கினாங்க, கிட்டத்தட்ட 40 மணி நேரம் பாலம் மூடிக் கிடந்துச்சு. இந்தக் கலவரத்துல ஆத்தைத் தாண்டுறதுக்கு கட்ட வேண்டிய 2.50 பவுனை மறந்துட்டேன், மறுநாள் ராத்திரி 12 மணிக்குள்ள கட்டணும், என் தப்புதான். ரெண்டு வாரம் கழிச்சு கவர் வந்துச்சு, 70 பவுன் அபராதம், சீக்கிரம் கட்டினா 35.

அதை அண்ணன்கிட்ட காட்டினேன். கண்ணாடியை நெத்தியில தூக்கிட்டு முழுசும் படிச்சாரு.

"பார்த்தீரே தம்பி, அண்டைக்கு நடந்ததுக்கு ஒரு ஆபீசரெண்டாலும் கடிதம் போட்டிருக்கிறான்."

அவரு பங்குக்கு 17.50 குடுத்தாரு. வேணாம்னு சொன்னேன், பாக்கெட்டுல திணிச்சிட்டுப் போயிட்டாரு.